கரட், நிறமூர்த்தத்தின் நுனி, வெற்றிலைப் பை: பிஸ்கட் டின்னில் வந்த கேள்விகளுக்குப் பதில்

போன போயா அன்று எங்கள் தோட்டத்து வாசிகசாலையில் புற்றுநோய்க் கலங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஒரு மணித்தியாலம் பேசினேன். கேள்வி நேரம் தொடங்கவும் மழையும் தொடங்கியது. தகரக் கூரைச் சத்தத்தில் யார் என்ன கேட்கிறார்கள் என்றே விளங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கரண்டும் போய்விட்டது. சரி, எழுதிப் போடுங்கள் என்று பிஸ்கட் டின் ஒன்றைச் சுற்றுக்கு விட்டேன். வீட்டுக்கு வந்து எண்ணினால் நாற்பதுக்கு மேல் துண்டுகள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். பெயர் போட வேண்டாம் என்றார்கள், ஊரும் தொழிலும் மட்டும் போட்டிருக்கிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: லயத்தில் பிறந்தவள். வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றில் எட்டு வருஷம் இரத்தப் புற்றுநோய்க் கலங்களோடு வேலை செய்தேன். வைத்தியர் இல்லை, மருந்து எழுதித் தர மாட்டேன்.

கொட்டகலை, உயர்தர மாணவி: நிறமூர்த்தத்தின் நுனியில் டெலோமியர் இருக்கிறது, ஒவ்வொரு முறை கலம் பிரியும்போதும் அது குறைகிறது என்று டியூஷனில் சொன்னார்கள். ஏன் குறைய வேண்டும் மிஸ்?

சேலை முந்தியில் நூலை முடிந்து குஞ்சம் கட்டுகிறோமே, எதற்கு? கட்டாவிட்டால் நெசவு பிரிந்துகொண்டே உள்ளே போகும். நிறமூர்த்தமும் (குரோமோசோம்) கலத்துக்குள் சுருண்டிருக்கும் ஒரு டீ.என்.ஏ நூல்தான். அதன் நுனிக்கு அதைவிட மோசமான ஆபத்தும் உண்டு. வெறும் நுனி இன்னொரு வெறும் நுனியோடு ஒட்டிக்கொள்ளும். 1930களில் பார்பரா மெக்ளின்டொக் சோளத்திலும் ஹெர்மன் மல்லர் பழ ஈயிலும் கவனித்தது இதைத்தான். உடைந்த நுனிகள் ஒன்றோடொன்று ஒட்டின, இயற்கையான நுனிகள் ஒட்டவில்லை. அப்படியானால் இயற்கை நுனியில் ஏதோ விசேஷம் இருக்க வேண்டும் என்று 1938இல் மல்லர் வைத்த பெயர்தான் டெலோமியர்.

அந்த விசேஷம் என்ன என்று தெரிய நாற்பது வருஷம் பிடித்தது. 1978இல் எலிசபெத் பிளாக்பர்னும் ஜோசப் கோலும் டெட்ராஹைமினா என்ற குளத்து நுண்ணுயிரில் நுனியின் டீ.என்.ஏ எழுத்துகளை வாசித்தார்கள். நிறமூர்த்தத்தைக் குட்டிக் குட்டியாக ஆயிரக்கணக்கில் நறுக்கி வைத்திருக்கும் உயிர் அது, அதனால் நுனிக்குப் பஞ்சமில்லை. ஆறெழுத்துச் சொல் ஒன்று திரும்பத் திரும்ப வந்தது. நம்மில் அது டீ டீ ஏ ஜீ ஜீ ஜீ. நம் 46 நிறமூர்த்தங்களின் 92 நுனிகளிலும் இதே பாட்டுத்தான், ஆயிரக்கணக்கான எழுத்துகள் நீளத்துக்கு.

இனி ஏன் குறைகிறது? டீ.என்.ஏயைப் பிரதி எடுக்கும் நொதியத்துக்கு (என்சைமுக்கு) வெறும் இழையில் தொடங்கத் தெரியாது. சின்ன ஆர்.என்.ஏ துண்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் தொடங்கும். பிறகு அந்தத் துண்டு கழற்றப்பட்டு, அந்த இடம் பின்னாலிருந்து நிரப்பப்படும். கடைசி நுனியில் பின்னால் ஒன்றும் இல்லையே, எங்கிருந்து நிரப்புவது? 1971இல் இதை எழுதிய ரஷ்யர் அலெக்சி ஒலோவ்னிகோவுக்கு மொஸ்கோ சுரங்க ரயில் நிலையத்தில் நின்றபோதுதான் யோசனை வந்ததாம். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் மலைநாட்டு ரயில் சின்ன ஸ்டேஷனில் நின்றால் கடைசிப் பெட்டிக்கு மேடை கிடைக்காது, அதில் இருப்பவர் புல்லில்தான் குதிக்க வேண்டும். அந்தக் கடைசிப் பெட்டிதான் டெலோமியர். ஆய்வுகூடத்தில் வளரும் மனிதக் கலங்களில் ஒரு பிரிவுக்கு ஏறக்குறைய 50 முதல் 100 எழுத்துகள் தொலைகின்றன. லெனார்ட் ஹெய்ப்ளிக் 1961இலேயே காட்டியிருந்தார்: சாதாரண மனிதக் கலங்கள் 40, 60 தடவை பிரிந்துவிட்டு நின்றுவிடும். காரணம் பிறகுதான் தெரிந்தது.

தலவாக்கலை, ஆசிரியர்: அப்படிக் குறைந்துகொண்டே போனால் பரம்பரை பரம்பரையாக நாம் எப்படித் தப்பினோம்?

இதைக் கேட்டதற்கு உங்களுக்கு ஒரு தேத்தண்ணி வாங்கித் தரலாம் சேர். பிளாக்பர்னின் மாணவி கரோல் கிரைடர் 1984 கிறிஸ்மஸ் அன்று, எல்லோரும் லீவில் இருக்கும்போது, ஆய்வுகூடத்துக்குப் போய்த் தன் பரிசோதனைப் படத்தைப் பார்த்தார். நுனியை நீட்டிக்கொடுக்கும் நொதியம் ஒன்று வேலை செய்த தடயம் ஏணிப்படி மாதிரி அதில் தெரிந்தது. அதுதான் டெலோமரேஸ். அவர்கள் இருவரோடு ஜாக் சொஸ்டாக்குக்கும் சேர்த்து 2009இல் நோபல் பரிசு கிடைத்தது.

விந்து, முட்டை உண்டாகும் கலங்களில் இந்த நொதியம் விழித்திருக்கிறது. அதனால்தான் பிள்ளை புது முந்தியோடு பிறக்கிறது. எலும்பு மச்சையிலும் குடல் சுவரிலும் உள்ள மூலக் கலங்களில் அரைத்தூக்கம். தோல், தசை மாதிரி மற்றதில் பெரும்பாலும் நல்ல தூக்கம். அது தூங்குவதும் நம் நன்மைக்குத்தான். கட்டுமீறிப் பிரியத் தொடங்கும் கலம் நுனி தேய்ந்து தானாக நின்றுவிடும். அந்தக் கடிவாளத்தை அறுக்கத்தான் புற்றுநோய் டெலோமரேஸை எழுப்புகிறது. 1994இலிருந்து பார்த்துவருகிறார்கள், புற்றுநோய்களில் 85 முதல் 90 சதவீதத்தில் அது விழித்துக்கொண்டிருக்கிறது.

ஹட்டன், கடை முதலாளி: டெலோமியரை நீட்டி இளமையைக் கூட்டும் கப்சியூல் என்று ஏஜண்ட் ஒருவர் கொண்டுவந்தார். விலை அதிகம். எடுத்து விற்கலாமா?

வேண்டாம் அண்ணே. மேலே ஆசிரியருக்கு எழுதியதை வாசித்துவிட்டு அந்த ஏஜண்டிடம் ஒன்று கேளுங்கள்: உங்கள் குளிசை உண்மையிலேயே டெலோமரேஸை எழுப்பினால், எந்தக் கலத்தில் எழுப்பும், எதில் எழுப்பாது என்று அதற்கு யார் சொல்லிக்கொடுத்தது?

நீளம் கூடினால் ஆயுள் கூடும் என்ற கணக்கே பிழை. சுண்டெலியின் டெலோமியர் நம்முடையதைவிட மிக நீளம், அது இரண்டு மூன்று வருஷத்தில் செத்துப்போகிறது. மனிதரிலும் பிறப்பிலேயே நுனி நீளமாக அமைந்தவர்களுக்குச் சில புற்றுநோய்கள், முக்கியமாக மெலனோமா என்ற தோல் புற்றுநோய், வரும் வாய்ப்புக் கூடுதல். அதற்காகக் குட்டையாக இருப்பது நல்லது என்றும் இல்லை. டிஸ்கெரடோசிஸ் கொன்ஜெனிட்டா என்ற அபூர்வமான பரம்பரை நோயில் நுனிகள் சின்ன வயதிலேயே தேய்ந்து, நகம் சிதைந்து, நாக்கில் வெள்ளை படர்ந்து, எலும்பு மச்சை வற்றிவிடும். அவர்களுக்கும் புற்றுநோய் ஆபத்து அதிகம். நீட்டினாலும் வம்பு, குறைந்தாலும் வம்பு. இதைக் குளிசையில் அடைத்து விற்கிறார்களாம்!

ஹப்புத்தளை, எழுதுவினைஞர்: டெலோமியர் நீளத்தை அளந்து உண்மையான வயதைச் சொல்லும் சோதனை செய்துகொள்ளலாமா?

காசை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வயதுள்ள இரண்டு சுகதேகிகளுக்குள்ளேயே நீளம் எக்கச்சக்கமாக மாறும். தனி ஒருவருக்கு அந்த எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பரம்பரை நோய் சந்தேகம் என்றால் வைத்தியரே எழுதுவார்.

பொகவந்தலாவை, கொழுந்து பறிப்பவர்: கவலைப்பட்டால் நுனி தேய்ந்துவிடும் என்று நீங்கள் பேச்சில் சொன்னீங்க. எங்களுக்குக் கவலை இல்லாத நாள் ஏது?

அக்கா, அந்த இடத்தை நான் அவசரமாகச் சொல்லிவிட்டேன், மன்னியுங்கள். 2004இல் வந்த ஆய்வு அது. நாட்பட்ட நோயுள்ள பிள்ளைகளைப் பராமரிக்கும் தாய்மார், சுகமான பிள்ளைகளின் தாய்மார் என்று மொத்தம் 58 பெண்கள். மனஅழுத்தம் அதிகம் என்று சொன்னவர்களுக்கு வெண்குருதிக் கலங்களின் நுனி குறைவாக இருந்தது. சேர்ந்து காணப்பட்டது என்பதுதான் அதன் பொருள். கவலை நுனியைத் தின்றுவிட்டது என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. நீங்கள் கவலைப்படுவதைப் பற்றியும் கவலைப்படத் தொடங்க வேண்டாம்.

வெலிமடை, மரக்கறி விவசாயி: நாங்கள் கரட் போடுகிறோம். கரட்டில் விற்றமின் ஏ இருக்கிறது, அது புற்றுநோயைத் தடுக்கும் என்று சொல்லி விற்கலாமா?

கரட் நல்லது என்று சொல்லி விற்கலாம். பின்பாதியைச் சொல்லாதீர்கள், அதற்குப் பின்னால் சோகமான கதை ஒன்று இருக்கிறது.

கரட்டில் இருப்பது பீட்டா கரோட்டின். உடல் அதைத் தேவைக்கு ஏற்ப விற்றமின் ஏயாக மாற்றிக்கொள்ளும். மரக்கறியும் பழமும் அதிகம் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று பல ஆய்வுகள் காட்டியிருந்தன. காரணம் பீட்டா கரோட்டின்தான் என்று நம்பி, அதைக் குளிசையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். பின்லாந்தில் 50 முதல் 69 வயது வரையான 29,133 ஆண்கள், எல்லோரும் சிகரெட் பிடிப்பவர்கள். சிலருக்குத் தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின். 1994இல் முடிவு வந்தது: குளிசை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். குறையவில்லை, கூடியது. அமெரிக்காவில் புகைப்பவர்கள், புகைத்து விட்டவர்கள், அஸ்பெஸ்டஸ் தொழிலாளர்கள் என 18,314 பேரிடம் பீட்டா கரோட்டினையும் விற்றமின் ஏயையும் சேர்த்துக் கொடுத்த ஆய்வு 1996இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. அங்கே 28 சதவீதம் அதிகம்.

இதைப் படித்த காலத்தில் எனக்கு நித்திரை வரவில்லை. நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தானே அத்தனை பேரும் விழுங்கினார்கள்.

சமையலில் சேரும் கரட்டுக்கு இந்தப் பயம் இல்லை. மிஞ்சிப்போனால் உள்ளங்கை மஞ்சளாகும். ஒன்று மட்டும்: கரோட்டின் கொழுப்பில்தான் கரையும். பச்சையாகக் கடிப்பதைவிடத் தேங்காய்ப்பால் விட்டு சமைத்ததிலும், தேங்காய்ப்பூ போட்ட வல்லாரைச் சம்பலிலும், முருங்கை இலைச் சுண்டலிலும் உடம்புக்குக் கூடுதலாகச் சேரும். கிளினிக்கில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் விற்றமின் ஏயை இதோடு குழப்பிக்கொண்டு மறுத்துவிடாதீர்கள். அது குறைபாட்டுக்கும் மாலைக்கண்ணுக்கும் எதிரானது, அளவோடு கொடுக்கப்படுவது.

பதுளை, தாதி: விற்றமின் ஏ புற்றுநோயைக் கூட்டும் என்கிறீர்கள். எங்கள் வார்டில் ஒரு லுக்கேமியா (இரத்தப் புற்றுநோய்) நோயாளிக்கு ஆட்ரா என்ற மருந்து கொடுத்தார்கள், அது விற்றமின் ஏ என்றார்களே?

அவர்கள் சொன்னது சரி. நான் இந்தத் துறைக்குள் விழுந்ததே இதைக் கேள்விப்பட்டுத்தான்.

விற்றமின் ஏ உடலுக்குள் ரெட்டினோயிக் அமிலமாகும். கலத்தின் கருவுக்குள் போய் அதற்கென்று உள்ள வாங்கி என்ற புரதத்தில் அமர்ந்து பரம்பரை அலகுகளை (ஜீன்களை) எழுப்பும், அடக்கும். 'விளையாடினது போதும், வளர்ந்து பெரிய ஆளாகு' என்று கலத்துக்குச் சொல்லும் சமிக்ஞைகளில் அது ஒன்று. அக்யூட் புரோமைலோசிட்டிக் லுக்கேமியாவில் 15ஆம் நிறமூர்த்தமும் 17ஆம் நிறமூர்த்தமும் உடைந்து துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. உடைந்த இடம் சரியாக அந்த வாங்கியின் பரம்பரை அலகு. ஒட்டுப்போட்டு உருவாகும் புது வாங்கிக்கு உடம்பில் சாதாரணமாக உள்ள அளவு சமிக்ஞை காதில் விழாது. வெண்குருதிக் கலங்கள் பாதி வளர்ச்சியிலேயே நின்று, பெருகி, நோயாளிக்கு இரத்தம் உறையாமல் போகும். ஒரு காலத்தில் நாட்கணக்கில் ஆளைக் கொன்ற நோய் இது.

ஷங்ஹாயில் வாங் ஜென்யி என்ற வைத்தியர், கலத்தைக் கொல்வதற்குப் பதில் வளர்த்துவிட்டால் என்ன என்று யோசித்தார். 1980இலேயே அமெரிக்காவில், இந்த வகைக் கலங்கள் ரெட்டினோயிக் அமிலத்தில் முதிர்வதை ஆய்வுகூடத் தட்டில் காட்டியிருந்தார்கள். வாங் அதன் ஒரு வடிவத்தை, அதாவது ஆட்ராவை, நோயாளிகளுக்குக் கொடுத்தார். ஆரம்பத்தில் பெற்றவர்களில் ஒருத்தி ஐந்து வயதுச் சிறுமி, பிழைத்தாள். 1988இல் 24 பேரின் விபரம் வெளியானது: 23 பேருக்கு ஆட்ரா மட்டுமே போதுமானதாக இருந்தது, மற்றவருக்கு இன்னொரு மருந்தும் கொஞ்சம் சேர்க்க வேண்டி வந்தது. தனியாகக் கொடுத்தால் நோய் திரும்பும் என்று பிறகு தெரிந்தது. இப்போது ஆர்செனிக்கோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஆமாம், பாஷாணம்தான். ஆபத்துக் குறைந்த பிரிவு நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணமாகிறார்கள். இந்த நோயைச் சந்தேகித்தாலே, ரிப்போர்ட் வரும் முன்பே ஆட்ராவைத் தொடங்குவதற்குக் காரணம் இரத்தப்போக்குப் பயம். அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

பழுதான ஒரே பூட்டுக்கு வெட்டிய திறப்பு அது. அதை எல்லாக் கதவிலும் நுழைத்துப் பார்த்ததுதான் பின்லாந்துக் கதை.

கொட்டகலை மாணவியேதான், இரண்டாவது துண்டு: அந்த நோயில் நிறமூர்த்தம் உடைவது டெலோமியர் தேய்ந்ததாலா? இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறதா?

உடைவது நுனியில் இல்லை தங்கச்சி, நடுவில். ஆனால் தொடர்பு வேறு வழியாக இருக்கிறது. நான் வேலை செய்த கலங்களுக்கு எச்.எல்-60 என்று பெயர். ரெட்டினோயிக் அமிலத்துக்கு வெளிச்சம் ஆகாது. குழாயை ஈயத்தாளில் சுற்றி, லைட்டை அணைத்துவிட்டு, ஏறக்குறைய இருட்டில்தான் கலங்களில் சேர்ப்போம். வாரம் முடியும் முன் உருண்டையாக இருந்த கரு மடிப்பு மடிப்பாகப் பிரியும், முதிர்ந்த வெண்குருதிக் கலம் மாதிரி. அப்போது டெலோமரேஸை அளந்தால் இறங்கியிருக்கும். வளர்ந்த கலத்துக்கு இனிப் பிரியும் வேலை இல்லை, நுனியை நீட்டும் வேலையும் இல்லை.

அது மட்டும் என்றால் ஆச்சரியம் இல்லை. 2001இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள், ரெட்டினோயிக் அமிலம் கொடுத்தும் முதிர மறுத்த லுக்கேமியாக் கலங்களை எடுத்தார்கள். அவற்றிலும் டெலோமரேஸ் அடங்கி, நுனி குறைந்துகொண்டே போய், கடைசியில் கலங்கள் செத்தன. அதாவது முதிர்ச்சி ஒரு பாதை, நுனி இன்னொரு பாதை, மருந்து இரண்டையும் தொடுகிறது. இதெல்லாம் தட்டில் நடந்தது, ஆளில் இல்லை. டெலோமரேஸை நேரடியாகத் தடுக்கும் இமெட்டல்ஸ்டாட் என்ற மருந்து அமெரிக்காவில் 2024இல்தான் அனுமதி பெற்றது, அதுவும் எலும்பு மச்சை நோய் ஒன்றில் அடிக்கடி இரத்தம் ஏற்ற வேண்டியவர்களுக்கு மட்டும்.

மஸ்கெலியா, ஓய்வுபெற்ற தொழிலாளி: கன்னத்துக்குள் வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது, வலி இல்லை. நாற்பது வருஷமாக வெற்றிலை போடுகிறேன். விற்றமின் ஏ எடுத்தால் போகுமா?

ஐயா, இதை வாசிக்கும் வாரத்திலேயே பல் வைத்தியரிடம் வாயைக் காட்டுங்கள். அதற்குப் பிறகு மற்றதைப் படியுங்கள்.

உங்கள் கேள்வியையே 1990களில் திருவனந்தபுரத்தில் ஆராய்ந்தார்கள். வெள்ளைப் படலம் உள்ளவர்களுக்கு ஒரு வருஷம் அதிக அளவில் விற்றமின் ஏ கொடுத்தபோது 52 சதவீதம் பேருக்குப் படலம் முழுதாக மறைந்தது. பீட்டா கரோட்டினுக்கு 33, மருந்தே இல்லாத வெறும் குளிசைக்கு 10. நம்பிக்கை தரும் எண்கள்தான். மருந்தை நிறுத்தியதும் விற்றமின் ஏயால் குணமானவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்குத் திரும்பி வந்துவிட்டது. அந்த அளவு விற்றமின் ஏயை ஆயுளுக்கும் விழுங்க முடியாது, ஈரல் தாங்காது. ஆகவே விற்றமின் இங்கே வைத்தியம் இல்லை. வெற்றிலைப் பையைத் தூக்கிப் போடுவதுதான் முதல் வேலை.

புகையிலை சேர்க்காமல் போட்டால் பரவாயில்லை என்பார்கள். பரவாயில்லை இல்லை. பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வெளியிட்ட அறிக்கையில் சொல்லிவிட்டது. இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வருவது வாய்ப் புற்றுநோய்தான்.

எங்கள் அப்பாயி பதின்மூன்று வயதில், மலையில் குளிருக்கு என்று வாயில் போடத் தொடங்கியவர். கன்னத்தில் வெள்ளை வந்தபோது, சுண்ணாம்பு சுட்டது என்றார். மருந்துக் காம்பராவில் வாய் கொப்பளிக்க ஏதோ கொடுத்து இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். அப்புறம் என் சித்தப்பா விடிய முதல் பஸ்ஸில் பேராதனைப் பல் வைத்தியசாலைக்குக் கூட்டிப் போனார். துண்டு வெட்டிச் சோதித்தார்கள், புற்றுநோய்க்கு முந்திய கட்டம். எடுத்துவிட்டார்கள். அப்பாயி அதன்பின் பதினொரு வருஷம் இருந்தார், வாயில் ஏலக்காயை அடக்கிக்கொண்டு, எங்கள் எல்லோரையும் திட்டிக்கொண்டு.

வெள்ளையைவிடச் சிவந்த படலம் ஆபத்து. மூன்று வாரத்தில் ஆறாத புண், வாய் திறப்பது குறைந்துகொண்டே போவது, இரண்டுக்கும் இதே பதில்தான். வலி இல்லையே என்று இருந்துவிட வேண்டாம். ஆரம்பத்தில் வலிக்காது.

லிந்துலை, புதிதாகக் கலியாணம் முடித்தவர்: நான் முழுகாமல் இருக்கிறேன். விற்றமின் ஏ குளிசை எடுக்கலாமா?

கிளினிக்கில் தருவதைத் தவிர நீங்களாக வாங்கி எடுக்காதீர்கள். மிதமிஞ்சிய விற்றமின் ஏ கருவைக் குறைபாட்டுக்கு உள்ளாக்கும். முகப்பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினோயின் அதே குடும்பம், கர்ப்பத்தில் அதை நினைத்தும் பார்க்கக் கூடாது. ஈரல் கறியைக்கூடக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். கரட்டும் கீரையும் பப்பாசிப் பழமும் தாராளமாகச் சாப்பிடலாம்.

நானுஓயா, தொழிற்சாலை ஊழியர்: தேயிலை புற்றுநோயைத் தடுக்கும் என்று பெட்டியிலேயே அடிக்கிறார்களே?

கிரீன் டீயில் உள்ள ஈ.ஜீ.சி.ஜீ என்ற பொருள் டெலோமரேஸைத் தடுப்பதை 1998இல் ஜப்பானியர்கள் கலங்களில் காட்டினார்கள். கலம் தட்டில் அந்தப் பொருளிலேயே குளித்துக்கொண்டிருக்கும். நாம் குடித்தால் குடலும் ஈரலும் வடித்த மிச்சம்தான் இரத்தத்துக்குப் போகும். நான் நாளுக்கு ஐந்து பிளேன்டீ குடிக்கிறேன், ருசிக்காக. ஆனால் கொதிக்கக் கொதிக்கக் குடிக்காதீர்கள். 65 பாகை செல்சியஸுக்கு மேல் சூடான பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் அதே புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016இல் சொல்லியிருக்கிறது.

எங்கள் தோட்டம், எட்டாம் வகுப்பு மாணவன்: உங்கள் லேபில் இருந்த கலங்கள் எப்போது சாகும்?

சாகாது தம்பி. சாப்பாடு கொடுத்துக்கொண்டே இருந்தால் பிரிந்துகொண்டே இருக்கும், டெலோமரேஸ் விழித்திருக்கிறதே. அப்படி முதன்முதலில் சாகாமல் வளர்ந்த மனிதக் கலங்கள் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற அமெரிக்கப் பெண்ணுடையவை. கறுப்பினத்தவர், சின்ன வயதிலிருந்து புகையிலைத் தோட்டத்தில் வேலை செய்து வளர்ந்தவர். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயோடு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அவரிடம் கேட்காமலே துண்டு எடுத்து வளர்த்தார்கள். 1951 ஒக்டோபரில் அவர் இறந்துவிட்டார், 31 வயது. அவருடைய கலங்கள் இன்றும் உலகம் முழுக்க ஆய்வுகூடங்களில் பிரிந்துகொண்டிருக்கின்றன. நானும் கையில் பிடித்திருக்கிறேன்.

அடுத்த போயாவுக்கு நுணுக்குக்காட்டி கொண்டுவருகிறேன். உன் கன்னத்தை நீயே சுரண்டிப் பார்க்கலாம், கரண்ட் இருந்தால்.